ஜூடித் மிஸ் பென்சிலால் திருத்திய சாலைகள்

எங்கள் பள்ளி ஆபீஸில் ஜூடித் மிஸ் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். அட்மிஷன் ரெஜிஸ்டர், டி.சி., பஸ் பாஸ் கையெழுத்து எல்லாம் அவரிடம்தான். பாடம் எடுக்காவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்கே அவர் மிஸ்தான். காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். மனைவியை இழந்த அண்ணன் ரெமிஜியஸும், அண்ணன் மகளும், படுத்த படுக்கையாக இருந்த அம்மாவும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

நான் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தது 1992-ல். அப்போது மிஸ்ஸுக்கு நாற்பது வயது. வேளாங்கண்ணியையும் கோலார் தங்கவயலையும் விட்டால் வேறு ஊர் பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மாவுக்குப் பக்கவாதம். பகலில் பார்த்துக்கொள்ள ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு பெண் வருவாள். நாலரை மணிக்கு மிஸ் வீட்டில் இருந்தாக வேண்டும். லீவு நாளிலும் அதே கதைதான்.

அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்தது ஒரு குழப்பத்தில். அண்ணன் மகளுக்குப் பத்தாம் வகுப்பு கைடு வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோடு பிளாட்பாரப் புத்தகக் கடைகளுக்குப் போயிருக்கிறார். கூட்ட நெரிசலில் "கர்நாடகா கைடு இருக்கா?" என்று கேட்க, கடைக்காரர் ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து பிரித்தால் விஞ்ஞானமும் இல்லை, சமூக அறிவியலும் இல்லை. கர்நாடகத்துச் சாலைகள் இருந்தன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், டீசல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம், எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்று ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம். அடுத்த வாரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தவர், அன்று சாயந்திரம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா புரட்டியிருக்கிறார். புத்தகம் திரும்பப் போகவே இல்லை. அண்ணன் மகளுக்கு வேறு கைடு வந்தது.

இரண்டு வருஷத்தில் அவருக்கு அது மனப்பாடம். ஸ்டாஃப் ரூமில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் ஆபீஸ் ஜன்னலுக்குத்தான் போவோம்.

"மிஸ், சிரவணபெளகொளா போறோம். காலைலயா, மத்தியானமா?"

"காலைல ஏறிடுங்க. மத்தியானம் படி கொதிக்கும், வெறுங்கால்ல தான் ஏறணும். சாக்ஸ் எடுத்துக்குங்க."

போய் வந்தவர்கள் அவர் சொன்னபடியே இருந்தது என்பார்கள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார். "நீங்க எப்ப மிஸ் போவீங்க?" என்று ஒரு தடவை நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "எனக்கென்ன, தினமும் போறேனே" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

95-ல் அம்மா இறந்தார். ஒரு வருஷம் கழித்து, 96 கிறிஸ்துமஸ் லீவில் ஆசிரியைகள் எட்டுப் பேர் வேன் எடுத்துப் போகலாம் என்று பேச்சு வந்தது. எங்கே, எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை மிஸ் ஒரு முழு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். பேலூர், சிக்மகளூர், சிருங்கேரி, ஆகும்பே, மலையிறங்கி மல்பே கடற்கரை. நான்கு நாள். ஒவ்வொரு ஊருக்கும் நேரம், தூரம், சாப்பாடு எல்லாம் எழுதியிருந்தது. "நானும் வரேன்" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

ரெமிஜியஸுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வயசுல என்ன ஊர் சுத்தல்?" என்றாராம். மிஸ் பெட்டியை மூடியிருக்கிறார்.

டிரைவர் வெங்கடசாமி ஜோகுபாளையத்துக்காரர். சொந்த மெட்டடார் வேன். முன் சீட்டில் மிஸ் புத்தகத்தோடு ஏறியதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மேடம், பதினெட்டு வருஷமா ஸ்டியரிங் புடிக்கிறேன். புக்கப் பாத்தா வண்டி ஓட்டறேன்?"

"நீங்க ஓட்டுங்கண்ணா. நான் பாட்டுக்குப் படிச்சிட்டு வரேன்."

முதல் நாள் முழுக்க மிஸ் படித்தார், அவர் காதில் வாங்காதவர் போல ஓட்டினார். இரண்டாம் நாள் காலை சிக்மகளூரில், "இங்கயே டீசல் ஃபுல் பண்ணிடுங்க. மலைக்குள்ள ஒரே ஒரு பங்க்தான் போட்டிருக்கு" என்றார் மிஸ். "அந்த ஒண்ணு போதும் மேடம்" என்றார் வெங்கடசாமி. மிஸ் இறங்கி வேன் முன்னால் போய் நின்றுகொண்டார். கோபம் எதுவும் இல்லை, நின்றார், அவ்வளவுதான். வெங்கடசாமி முணுமுணுத்துக்கொண்டே பங்க்குக்குத் திருப்பினார்.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் போன பிறகு அந்த ஒரே பங்க் வந்தது. வாசலில் கயிறு கட்டி, கன்னடத்தில் ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஜீப்பும் இரண்டு லாரியும் டீசல் டேங்கர் வருமென்று காத்துக் கிடந்தன. வெங்கடசாமி வேகத்தைக் குறைத்து அந்த அட்டையைப் பார்த்தார், பிறகு மிஸ்ஸைப் பார்த்தார்.

"அடுத்து என்ன மேடம் போட்டிருக்கான்?" என்று கேட்டார். பின்சீட்டில் நாங்கள் எல்லோரும் கைதட்டிவிட்டோம்.

ஆனால் அன்றைக்கே புத்தகம் காலை வாரியது. ஆகும்பேக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் ஒரு சிற்றூரில் நல்ல லாட்ஜ், சுத்தமான அறைகள் என்று போட்டிருந்ததை நம்பி மிஸ் போஸ்ட் கார்டும் போட்டிருந்தார். மூன்று மணிக்குப் போய் இறங்கினால் அந்தக் கட்டடம் பாக்கு கிடங்காகி இருந்தது. அறை அறையாக மூட்டை. லாட்ஜை மூடி ஐந்து வருஷம் ஆகிறதாம்.

மிஸ் முகம் வெளுத்துவிட்டது. "புக்க நம்பி எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதிரில் சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், தெருவைக் கடந்து வந்தார். பெயர் லட்சுமம்மா.

"ஊட்ட ஆய்த்தா?" என்று முதலில் சாப்பாட்டைத்தான் கேட்டார். இல்லை என்றோம். மற்றதெல்லாம் அப்புறம் என்று எங்களை உட்கார வைத்து, சோறும், அங்கே சாறு என்று சொல்லும் ரசமும், பலாக்கொட்டைப் பொரியலும் போட்டார். மகன்கள் இருவரும் மங்களூரில் இருக்கிறார்கள், மாடி சும்மாதான் கிடக்கிறது, பெண்கள்தானே, தங்கிக்கொள்ளுங்கள் என்றார். மாடியில் புதுப்பாய் வாசனை அடித்தது. வெங்கடசாமிக்குக் கடைக்குள்ளேயே பெஞ்சு.

சாயந்திரம் ஆகும்பே முனைக்குப் போனோம். டிசம்பர் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலை அங்கே சட்டென்று முடிந்து, கீழே காடு காடாக இறங்கி, அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடாகக் கடல் தெரிந்தது. சூரியன் அதில் இறங்கியது. மிஸ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "இதப் பத்தி ரெண்டே ரெண்டு வரி தான் போட்டிருக்கான், தாரணி" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

மறுநாள் வளைவு வளைவாக மலையிறங்கி மல்பேயில் கடலில் கால் நனைத்தோம். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மிஸ் அலைக்குள் நடந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் ஒரு வேலை செய்தார். வழியெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து வந்ததைப் பள்ளி டைப்ரைட்டரில் அடித்து, புத்தகம் போட்ட சென்னைக் கம்பெனிக்கு அனுப்பினார். மூடிய லாட்ஜ், மாறிய நடை நேரம், நான்கு கிலோமீட்டர் குறைத்துப் போட்ட தூரம், லட்சுமம்மாவின் கடை என்று மொத்தம் பதினாறு திருத்தம். பதில் வராது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. பதினான்கு திருத்தங்களை அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம், நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை, தொடர்ந்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். விட்டுப்போன இரண்டும் கழிவறைகளைப் பற்றி மிஸ் எழுதிய வெளிப்படையான கருத்துகள்.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பயணம். தசராவுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. வேனில் இடம் கேட்டு நாங்கள் சண்டை போடுவோம். வெங்கடசாமி இப்போது கிளம்பும்போதே மீட்டரைப் படித்து, "எழுதிக்குங்க மேடம்" என்பார். தூரம் தப்பாக இருந்தால் புத்தகக்காரனை விட அவருக்குத்தான் ரோஷம் வரும். புதிய பதிப்பு 98-ல் வந்தது. முதல் பக்கத்தில் நன்றி சொன்ன பெயர்களில் மிஸ் பெயரும் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. அதையும் பென்சிலால் திருத்தினார். லட்சுமம்மாவின் கடைக்கு ஐந்து வரி. கையில் புத்தகத்தோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், மாடியில் இரண்டு கட்டில் போட்டுவிட்டேன் என்று யாரையோ விட்டு லட்சுமம்மா மிஸ்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

ரெமிஜியஸ் ரிடையர் ஆன வருஷம், யாரும் கூப்பிடாமலே ஒருநாள் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஹம்பி பயணம் அது. வழியெல்லாம் அது சரியில்லை, இது சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த தசராவுக்கு ஆகஸ்டிலேயே, "இந்தத் தடவை எங்க?" என்று கேட்டார்.

2003-ல் பீதர் போனோம். பீஜாப்பூரைத் தாண்டி வறண்ட கரிசல் நிலம், நேர்க்கோடாக ரோடு, இருபுறமும் துவரை. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அண்ணனும் வெங்கடசாமியும் ஊறுகாய்க்காக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூடித் மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, காற்றில் படபடத்த தலைமுடியைக்கூட ஒதுக்காமல், தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார்.