முட்டியில் வைத்த துணி

அந்தப் பெண்ணைக் கீழே விழவைத்தவன் நான்தான். தரை ஈரமாக இருந்தது எனக்குத் தெரியும். துடைக்கவில்லை. வேண்டுமென்றே துடைக்கவில்லை!

ஜொகூர் பாருவில் ஓர் உள்ளரங்கத்தில் கூட்டித் துடைப்பது என் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலு பேர் பார்த்தால் கூச்சத்தில் வாய் திறக்கமாட்டேன். ஆண்டுதோறும் பல நாட்டுப் பெண்கள் அணிகள் மோதும் கைப்பந்துப் போட்டி எங்கள் அரங்கத்துக்கு வந்தபோது, என்னைப் போய் ஆடுகளத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ஆட்டக்காரிகள் விழுந்து எழுந்த இடத்தில் வியர்வை கிடக்கும். அடுத்த பந்துக்குள் ஓடித் துடைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

என்னோடு லெட்சுமி. பக்கத்து ஊரான கூலாய்க்காரி, என்னை அண்ணே என்பாள். ஈரத்தைக் கண்டதும் யார் முதலில் துணியை முட்டியில் வைக்கிறாரோ அவர் போவார், மற்றவர் அசையக்கூடாது. இருவரும் ஓடி மோதிக்கொள்ளாமல் இருக்க நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

வெளிநாட்டு அணியில் ஒன்பதாம் எண்காரி ஒருத்தி. முதல் செட்டில், நான் துடைத்த இடத்தைக் காலணி நுனியால் காட்டினாள். மறுபடி துடைத்தேன். மறுபடி காட்டினாள். மூன்றாம் முறை அரங்கமே சிரித்தது. நீங்கள் இருந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள். மாட்டேன் என்று சொல்லாதீர்கள்... அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தரையைத்தான் பார்த்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் செட்டில் வலைக்கு அருகே வேறொருத்தி பாய்ந்து விழுந்தாள். கையகல ஈரம், விளக்கில் பளபளத்தது. ஒன்பதாம் எண்காரி எகிறி அடித்துவிட்டுக் கால் ஊன்றும் இடம். துணியை முட்டியில் வைத்தேன். எழப்போன லெட்சுமி உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழவில்லை.

விசில் ஊதினார்கள். அவள் எகிறினாள், இறங்கினாள்... முழங்கால் திரும்பிய விதத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லவா? அந்த ஒரு நொடி எனக்கு நிறைவாக இருந்தது! தூக்கிக்கொண்டு போகும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் மகள் வயதுகூட இருக்காது.

மறுநாள் மேற்பார்வையாளர் எங்களை விசாரித்தார். அண்ணன் துணியை முட்டியில் வைத்தார், அதனால்தான் நான் போகவில்லை என்றாள் லெட்சுமி. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். வாய் பேசாதவன் பொய் சொல்லமாட்டான் என்று அவர் நம்பினார். கூச்சம் எவ்வளவு வசதியான திரை! அன்றே லெட்சுமியின் வேலை போனது.

போன மாதம் கூலாய்ச் சந்தையில் அவளைப் பார்த்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"உங்க மேல கோவமே இல்லண்ணே. எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல. நீங்க துணிய முட்டியில வெச்ச மாதிரியே தெரிஞ்சிச்சி. அதான் இத வாங்கிப் போட்டுட்டேன்."

இப்போது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அதை மட்டும்தான் கேட்டேன்.

"எல்லாம் முன்ன மாதிரிதான் தெரியுது லா," என்று சிரித்தாள்.

இந்த ஆண்டும் போட்டி வருகிறது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. கவனமான ஆளாம்! போவேன். மன்னிப்பதாகச் சொல்லி யாரும் என் பக்கத்தில் வராதீர்கள். அதே ஓரத்தில், கையில் துணியோடு உட்காருவேன்... அதை முட்டியில் வைக்கத்தான் கை வராது.