தண்ணீர் படாத பிள்ளை

எங்கள் சபையின் செயலாளருக்கு இறையியல் என்ற சொல்லே ஆகாது. சங்கரன்கோவிலில் எங்கள் ஆலயத்துப் பக்கவாட்டு அறையில், புதன்கிழமை சாயங்காலங்களில் பெண்களுக்கு நான் வேதபாட வகுப்பு நடத்திவந்தேன். கடந்து போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். "தியாலஜியெல்லாம் காலேஜ்ல படிக்கவங்களுக்கு, டீச்சர். நமக்கு முழங்கால் போட்டு ஜெபிச்சாப் போதும்." முழங்காலால் யோசிக்கிற மனிதர் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் ஜவுளிக்கடைக்காரர். ஆலயத்து மின்விசிறிகளில் பாதி அவருடைய பெயரைச் சுமந்துகொண்டுதான் சுற்றுகின்றன.

என் வகுப்புக்கு ஓர் இளம்பெண் வருவாள். அவள் கணவர் பூச்சந்தையிலிருந்து பூ ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே சபைக்கு வந்தவர்கள். வெகுகாலம் காத்திருந்து அவள் உண்டானாள். எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவள் படுக்கையில் கிடந்தாள். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, கூட்டாளி ஒருவர் ஆட்டோவை ஓட்டி வந்தார். நானும் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் செயலாளர் நின்றார். கேட் பூட்டியிருந்தது.

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைய உள்ள வைக்கக் கூடாது, டீச்சர். வேலிக்கு வெளிய வச்சுக்கிடச் சொல்லுங்க."

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"காலங்காலமா அப்படித்தான். தண்ணி படாத பிள்ள."

"அப்பம் இந்தப் பிள்ள செத்து எங்க போயிருக்குன்னு நெனைக்கீங்க?"

"அதெல்லாம் ஆண்டவருக்குத்தான் தெரியும். நம்ம என்னத்தக் கண்டோம்?"

"ஆண்டவருக்குத்தான் தெரியும்னா சாவி எதுக்கு உங்க கையில இருக்கு?"

அவர் முகம் கறுத்தது. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். போதகருக்குப் போன் போட்டேன். வருடக்கணக்கில் இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவர். "கமிட்டியப் பகைச்சுக்கிட வேண்டாம், டீச்சர். நான் ஜெபிக்கேன்" என்றார். ஜெபிக்கிறேன் என்பது எங்கள் சபையில் போனை வைப்பதற்கான சொல்.

பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே நின்ற தகப்பனார், கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் தன் அண்ணனைப் போனில் கூப்பிட்டார். மதம் மாறியதிலிருந்து இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சு கிடையாது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "எதுக்குலே அங்கன நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்க? தூக்கிட்டு வா. கெணத்துப் பக்கம் நம்ம எடம் கெடக்குல்லா." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் குழி வெட்டி வைத்திருந்தார். நான் ஜெபம் செய்தபோது தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்தாள். கணவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"டீச்சர், எம்பிள்ள ஆண்டவர்கிட்ட இருக்காளா, இல்ல வெளிய நிக்காளா?"

இறையியல் என்றால் என்ன என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது இந்தக் கேள்விதான். பால் கட்டிய மார்போடு படுத்திருந்த ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆண்டவர்கிட்டதான் இருக்கா. தண்ணி படலன்னு ஒரு பச்சப்பிள்ளய வெளிய நிறுத்தினா அவரு ஆண்டவரே இல்ல."

"அந்த அண்ணாச்சி அப்படிச் சொல்லலையே."

"அவருக்கு ஆண்டவரத் தெரியாதுட்டி."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அதில் திருத்த ஒன்றுமில்லை. இறையியல் வேண்டாம் என்று சிரித்தவரிடமும் ஓர் இறையியல் இருந்தது. அவருடைய கடவுள் கல்லாவில் உட்கார்ந்து, ரசீது இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற முதலாளி. யாரும் அதை வெளிச்சத்துக்கு எடுத்துக் கேள்வி கேட்காததால், அது அவருக்குள்ளேயே பூசணம் பிடித்துக் கிடந்தது. போதகரோ நல்லதைப் படித்துவிட்டு, கமிட்டிக்குப் பயந்து அதைப் பரணில் ஏற்றி வைத்தவர். இரண்டு பேரில் யார் மட்டம் என்று என்னால் இன்றுவரை முடிவுசெய்ய முடியவில்லை.

அடுத்த ஞாயிறு செயலாளர் ஒலிபெருக்கியில், துக்கத்திலிருக்கும் அந்தக் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிக்கச் சொன்னார். குரல் தழுதழுத்தது. சபை கண்ணை மூடியது. நான் மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாடகர் குழுவின் பயிற்சிக்கு அறை தேவைப்படுவதால் வேதபாட வகுப்பு நிறுத்தப்படுவதாக அறிவித்தார்.

வகுப்பை என் வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். பாதிப் பேர் பயந்து வரவில்லை. அவள் தேறியதும் வந்தாள். வந்து உட்கார்ந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏன் டீச்சர் அவளக் குடுத்துட்டு எடுத்தாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அன்று சாயங்காலம் முழுவதும் வேறு பாடம் நடக்கவில்லை.