லாயத்தில் ஓர் அடுப்படி

எண்பதுகளின் நடுவில் நியூஜெர்சிக்குப் போன புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவர் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். பக்கத்து நூலகத்தில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஊருக்கு வெளியே, யாரோ ஒரு கோடீஸ்வரரின் பழைய பண்ணையில் இடிந்து கிடக்கும் குதிரை லாயத்தைத் தோண்டி ஆராயப் போகிறார்கள். சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்தது.

கணவரிடம் சொன்னேன். "எம்.ஏ. படிச்சிட்டு மண்ணு தோண்டவா அமெரிக்கா வந்தே?" என்று சிரித்தார்.

"நாள் பூரா டிவி பாக்கறதுக்கும் வரல" என்றேன்.

மறுவாரம் ஆபீஸ் போகும் வழியில் அவரே என்னை டிராப் பண்ணினார்.

பண்ணையில் இருந்த மாளிகை எப்போதோ எரிந்துபோயிருந்தது. லாயத்தில் முழங்கால் உயரச் சுவர்களும் கொடி படர்ந்த செங்கல் குவியலும்தான் மிச்சம். கயிறு கட்டித் தரையைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த பேராசிரியை ஒரு மூலைச் சதுரத்தைக் காட்டி, கொத்துக்கரண்டியும் பிரஷ்ஷும் கொடுத்தார். புடவை சரிப்படாது என்று கணவரின் பழைய பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் இரண்டு வாரமும் துருப்பிடித்த லாட ஆணிகள்தான். மத்தியானம் மேப்பிள் மரத்தடியில் தயிர்சாத டப்பாவைத் திறப்பேன். மற்றவர்கள் சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்து, என் ஊறுகாயை விரல்நுனியில் தொட்டுப் பார்ப்பார்கள்.

வரைபடத்தில் என் மூலையைத் தீவன அறை என்று குறித்திருந்தார்கள். மூன்றாம் வாரம் அங்கே கரி படிந்த செங்கற்கள் வந்தன. பிறகு கோழி எலும்புகள், கைப்பிடி போன கோப்பை, அடி தீய்ந்த இரும்புச் சட்டியில் பாதி. சாம்பல் ஒரே பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் இங்கிலீஷ்மேல் நம்பிக்கை இல்லாமல் அரை நாள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பேராசிரியையிடம் போய், இங்கே யாரோ தினமும் சமைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தில் பழைய பெயரை அடித்துவிட்டு, என்ன எழுதலாம் என்று என்னையே கேட்டார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் தடியூன்றி வந்தார். அவருடைய அப்பா அந்த லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டவராம். என் மூலையில் நின்று, இங்கே அடுப்பு, இங்கே நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் படுக்கும் கட்டில் என்று தடியால் காட்டினார். பனிக்காலத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற குதிரைகளின் சூடு இந்தப்பக்கம் வருமாம். யார் கண்டுபிடித்தது என்று கேட்டு, மண் அப்பியிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மாளிகையைப் பற்றியே கேட்பார்கள், நாங்கள் எங்கே சாப்பிட்டோம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார்.

அன்று காரில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கணவர் ரேடியோவை ஆஃப் பண்ணிவிட்டுக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவரும் வந்து மண் சலிக்கச் சல்லடை பிடித்தார்.

இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, திரும்ப மண்ணைப் போட்டு மூடினார்கள்.

"இவ்ளோ கஷ்டப்பட்டுத் தோண்டினதை ஏன் மூடறாங்க?" என்றார் கணவர்.

"தொறந்து வெச்சா பனியில செங்கல் வெடிச்சிடுமாம்."

அவர் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்தார், நான் அடுப்பின்மேல் மெதுவாகச் சரித்தேன். மூடி முடித்த பிறகும் அந்த இடத்தை இருவரும் மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தோம்.