லவினா க்ளிங்கருக்கு வந்து சேர்ந்த பதினோரு வகைக் குண்டுகள்

தீயணைப்புக் கூடத்துக் குலுக்கலில் லவினா க்ளிங்கர் ஆசைப்பட்டது முதல் பரிசான புகையிட்ட பன்றித் தொடைக்கு. விழுந்தது மூன்றாம் பரிசு. அவள் மோவாய் உயரத்துக்கு நின்ற ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கி, கல்லில் பொறி தட்டிச் சுடுகிற பழைய மாதிரி.

அவள் கணவன் எல்வுட் மேடைக்குப் போய் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். லவினா பின்னாலேயே போய் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சீட்டு யாரு பேர்ல இருக்கு?"

"உனக்கு எதுக்கு லவினா இது? முயலைக்கூட நீ சுட்டதில்லையே."

"முயல் எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? மான்தான் மூணு வருஷமா என் முட்டைக்கோஸைத் தின்னுது."

லவினாவுக்கு ஐம்பத்து நாலு வயது. பென்சில்வேனியா மலைகளுக்குள் நூற்று நாற்பது வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகிறவள். பத்தொன்பது வருடமாக, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் காரின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலால் பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியாகவே பெட்டிகளில் கடிதம் போடுவாள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மாமனாரின் அடக்கத்தன்று போதகருக்கு விக்கல் எடுத்ததும் அவளைத் தேவாலயத்துக்கு வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது.

இந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு மான் பருவம் தொடங்கும். அதற்கு மூன்று வாரம் இருந்தது. எந்தக் குண்டைப் போடுவது என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. எல்வுட்டும் அவன் தம்பி க்ளைடும் முப்பது வருடமாகச் சண்டை போடும் விஷயம் அது.

"நீளக் குண்டுதான்," என்றான் எல்வுட். "கனம் இருக்கும். மான் நின்ன இடத்துலயே உக்காந்துரும்."

"உருண்டைதான்," என்றான் க்ளைட். "துணியில சுத்தி இறக்கணும். எங்க அண்ணன் புத்தி மாதிரி கோணலாப் போகாது."

"உன் உருண்டை போன வருஷம் எங்க போச்சு? மரத்துக்கு."

"மரத்துல நான் குறி வச்ச இடத்துக்குத்தான் போச்சு."

மறுநாள் லவினா தன் வழியில் இரண்டு பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்கு மறுநாள் ஒரு தபால் பெட்டியில் கைவிட்டால் ஒரு பழைய மாத்திரை டப்பா. உள்ளே மெழுகு பூசிய மூன்று நீளக் குண்டுகள், ஒரு சீட்டு: "இதைப் போடு. வேறு யார் பேச்சையும் கேட்காதே." அடுத்த வளைவில் இன்னொரு பெட்டியில் ஆறு உருண்டை. கிறிஸ்துமஸ் பிஸ்கட்டோடு சேர்த்து மூக்கில் பள்ளம் வைத்த குண்டு. பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்த கூர்க் குண்டு. காடை முட்டை அளவில், அவள் குழாயின் வாய்க்குள் நுழையவே நுழையாத ஒன்று. அதோடு வந்த சீட்டில், "என் பெரியப்பா கரடியைச் சுட்டது" என்று மட்டும் இருந்தது. தபாலைவிட ஈயம் அதிகமாகிவிட்ட காரில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு வகை சேர்ந்துவிட்டது.

ஞாயிறு மதியம் சரளைக்கல் குழிக்கு மூன்று பேரும் போனார்கள். ஐம்பது தப்படி தூரத்தில் காகிதத் தட்டுகளை வரிசையாகக் குத்திவைத்தார்கள். லவினா முதல் வெடியை வெடித்தாள். கல்லுக்குக் கீழே இருந்த சின்னக் கிண்ணியில் மருந்து சீறியது, ஒரு கணம் கழித்துக் குழாய் இடித்தது, வெள்ளைப் புகை அவளை முழுங்கியது. புகைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த வெடிக்கும் அதே சிரிப்பு. தோள் வலித்தது, புருவம் கருகியது, அவளுக்கு நிற்கவே மனமில்லை.

நீளக் குண்டுகள் தட்டுக்கு ஒன்று, மண்மேட்டுக்கு இரண்டு என்று போயின. பட்ட ஒன்றும் வட்ட ஓட்டை போடவில்லை. சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழித்திருந்தது.

"படுத்துக்கிட்டே போயிருக்கு," என்றாள் லவினா. "எல்வுட் சோபாவுல கிடக்கிற மாதிரி."

க்ளைட் நடனமே ஆடினான். ஆனால் அவன் உருண்டையும் முதலில் சொல்பேச்சுக் கேட்கவில்லை. லவினா போய்த் தரையில் விழுந்திருந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிவந்தாள். க்ளைடின் பழைய சட்டைத் துணி. எல்லாம் கருகிப் பஞ்சாகியிருந்தன.

"துணி பத்தலை. தடிச்சது வேணும்," என்று காரில் ஏறி வீட்டுக்குப் போனாள். நீலக் கோடு போட்ட மெத்தை உறை ஒன்றோடு திரும்பினாள்.

"அது எங்க அம்மா மெத்தையாச்சே," என்றான் எல்வுட்.

"உங்கம்மா ஃப்ளோரிடாவுல சீட்டாடிக்கிட்டு இருக்காங்க. ஃபோன் போட்டுக் கேளு."

அவன் கேட்கவில்லை. மெத்தைத் துணியில் சுற்றி இறக்கிய மூன்று உருண்டைகளும் ஒரே தட்டில், ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. துணிகள் ஓரம் மட்டும் கருகி முழுசாகக் கிடந்தன. காரணம் தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது. குழாய்க்குள் துணி சுற்றிய கோலை இறக்கி, மேலே இழுக்கும்போது அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தாள். மொத்த நீளத்துக்கும் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம்.

"பாத்தியா, உள்ள வெட்டியிருக்கிற திருகு ரொம்ப மெதுவு. நீளக் குண்டுக்கு இந்தச் சுழற்சி பத்தாது. உருண்டைக்குப் போதும்."

"முப்பது வருஷமா நான் அதைத்தான் சொல்றேன்," என்றான் க்ளைட்.

"நீ இதைச் சொல்லலை க்ளைட். நீ சும்மா கத்துன."

எல்வுட்டுக்கு அன்று முழுவதும் அதுவே ஆறுதலாக இருந்தது.

பருவத்தின் மூன்றாம் நாள். கணுக்கால் ஆழத்துக்குப் பனி. சகோதரர்கள் மேட்டைச் சுற்றிப் போக, லவினா ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு ஒரு பெண் மான் நாற்பது தப்படியில் பக்கவாட்டாக வந்து நின்றது. குறி வைத்து விசையை அழுத்தினாள். கிண்ணி மட்டும் பளிச்சென்று சீறியது. குழாய் வாயே திறக்கவில்லை.

மான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. என்ன செய்கிறாய் என்று கேட்கிற பார்வை. லவினாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. கிண்ணியிலிருந்து குழாய்க்குள் தீ போகும் துளையை ஊசியால் குத்தி, புது மருந்து தூவி, மறுபடி தோளில் ஏற்றினாள். மான் இன்னும் நின்றது. இந்த முறை இரண்டும் சேர்ந்து வெடித்தன.

புகை விலகக் காத்திருக்கப் பொறுமையில்லை. பனியில் குப்புற விழுந்து புகைக்கு அடியில் பார்த்தாள். முப்பது தப்படி ஓடி மான் விழுந்திருந்தது.

சகோதரர்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டு வரவில்லை. சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வந்தார்கள். அவள் மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் கழுத்தில் கைவைத்து, சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருந்தாள்.

"அழுறியா?" என்றான் எல்வுட்.

"தெரியலை. கொஞ்சம் கயிறு குடு."

இறக்கத்தில் இழுக்க ஆரம்பித்தார்கள். பாதியில் மான் அவர்களைவிட வேகமாகச் சறுக்கியது. கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்த க்ளைட் அதோடு போனான். அவனைப் பிடிக்கப் போன எல்வுட் உட்கார்ந்தபடி போனான். லவினா துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே பனியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு பின்னாலேயே சறுக்கி வந்தாள்.

மதியம் வெங்காயத்தோடு வதக்கிய மானின் இதயத்தை மூன்று பேரும் வாணலியிலிருந்தே தின்றார்கள். எல்வுட் ரொட்டியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எனக்கு ஒரு தடவை குடுப்பியா?" என்று கேட்டான்.

"உருண்டைதான் போடணும்."

அவன் தம்பியைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான். "சரி," என்றான்.