நூல் அறுந்த சைக்கிள்

இந்த பூமி சுற்றுவதற்கே செயின் சித்திதான் காரணம். ஒரு காலத்தில் அதன் அச்சில் பால்ரஸ் குண்டு தேய்ந்து கரகரவென்று சத்தம் வந்ததாம். சித்தி ஒரு கை கிரீஸை அள்ளி அப்பிவிட்டு, "இனிமே ஓடும், போ" என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாளாம். அன்றிலிருந்து பகலும் ராத்திரியும் ஒழுங்காக வருகின்றன. நம்பாதவர்கள் அவள் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். பூமிக்குப் போட்டது போக மிச்சக் குண்டுகள் ஒரு பழைய பவுடர் டப்பாவில் கிடக்கின்றன.

செயின் சித்தி என்பது தெரு வைத்த பெயர். கழுத்தில் செயின் கிடையாது, கையில்தான். அதுவும் சைக்கிள் செயின். தலை நரைத்த ஆட்கள்கூட அவளைச் சித்தி என்றே கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவள் ஒருத்திதான். பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா மகள். பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாள் அதிகம், வாய் மட்டும் காது வரைக்கும். இதை எழுதுவதும் அவள்தான். ஆகையால் அவளைப் பற்றி நல்லவிதமாகவே வரும்.

சித்திக்குக் காலையில் அடுக்குமாடிக் கட்டிடத்தில் படிக்கட்டு துடைக்கும் வேலை. மேலேயிருந்து துடைத்துக்கொண்டே இறங்கினால் கடைசிப் படிக்கு அடியில் ஒரு இருட்டு மூலை. வீட்டைக் காலி செய்து போனவர்கள் சாமானை எல்லாம் ஏற்றிக்கொண்டு, சைக்கிளை மட்டும் அங்கே விட்டுப் போவார்கள். டயர் செத்துப்போய், ஒன்றின் ஹேண்டில்பார் இன்னொன்றின் ஸ்போக்கில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் தூங்கும் ஆட்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

"யாருக்கும் வேண்டாததை எடுத்துக்கோம்மா" என்று கட்டிட மேனேஜர் சொல்லியிருந்தார். "ஆனா நாளைக்கு எவனாவது வந்து என் வண்டி எங்கேன்னு என் சட்டையைப் பிடிச்சான்னா, அந்த மூலையையே பூட்டிருவேன்."

யாருக்கும் வேண்டாதது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சித்தி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். காலண்டரில் மாதத் தாள் கிழிக்கும் அன்றைக்கு, பின் சக்கரத்து ஸ்போக்கிலிருந்து ஃபிரேமுக்கு ஒரு சிவப்புத் தையல் நூலைக் கட்டிவிடுவாள். வண்டியை யாராவது எடுத்தால் நூல் அறுந்துவிடும். அடுத்த தாள் கிழிக்கும்வரை நூல் அப்படியே இருந்தால் அது ஆளில்லாத வண்டி, வீட்டுக்கு வரும். அறுந்திருந்தால் அதற்கு ஆள் இருக்கிறது, மறுபடி கட்டி முதலிலிருந்து மாதம் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போடுவாள். ஒன்றின் பெடல், மற்றொன்றின் ஃபோர்க், எதிலிருந்து வந்தது என்றே தெரியாத கேரியர், எல்லாம் சேர்ந்து ஒரு வண்டியாகத் தெருவில் இறங்கும். துருப்பிடித்த நட்டு திரும்ப மாட்டேன் என்றால் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, "ஊறட்டும், புத்தி வரும்" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். முக்கால்வாசி நட்டுகளுக்குப் புத்தி வந்துவிடும். அக்கா மகளுக்கும் இந்த வைத்தியம் ஒருமுறை பார்க்கப்பட்டது, பலிக்கவில்லை.

சித்தப்பா ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாவு மூட்டை அடுக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மணிக்கட்டும் ஒடிந்துவிட்டன. இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த பல்லிக்குப் பெயர் வைத்துப் பேச ஆரம்பித்தார். ஒருநாள் மதியம் அவர் தூங்கும்போது அக்கா மகள் அவர் கால் கட்டை விரலிலிருந்து நாற்காலிக் காலுக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தாள்.

எழுந்து பார்த்தவர், "என்னடி இது?" என்றார்.

"ஒரு மாசம் அசையாம இருந்தீங்கன்னா சித்தி உங்களைப் பார்ட் பார்ட்டாக் கழட்டிருவாங்க சித்தப்பா."

அவர் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது. விழுந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் டம்ளரைப் பிடித்தன. ஆனால் பிரேக்கை அழுத்தும் பலம் அவற்றுக்கு வரவில்லை. தொழிற்சாலை ஃபோர்மேன் நல்ல மனுஷர், வீட்டுக்கே வந்தார்.

"அடுப்புச் சூடு பார்க்குற வேலை ஒண்ணு இருக்குங்க. அதுக்குக் கை வேணாம், கண்ணு போதும். வர்ற மாசம் முதல் திங்கக்கிழமை வந்துடுங்க. வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

வேலை விடியும் முன்பே ஆரம்பம். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, நடக்கிற தூரமும் இல்லை. சைக்கிளில் போகலாம் என்றால் வழி முழுக்க இறக்கம், முடிகிற இடத்தில் லாரி ஓடும் ரோடு. பிரேக் பிடிக்க முடியாத ஆளை அந்த இறக்கத்தில் யார் அனுப்புவார்கள்?

அன்றைக்குத்தான் மாதத் தாள் கிழிக்கும் நாள். வேலைக்குப் போன சித்தி படிக்கட்டு மூலையில், மற்ற வண்டிகளுக்குப் பின்னால், ஒரு சின்ன ஃபிரேம் லேடீஸ் சைக்கிளைப் பார்த்தாள். அதில் கை பிரேக்கே இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கரம் நிற்கும் பழைய ரகம். கடைகளில் அந்தச் சக்கரம் இப்போது வருவதில்லை. அதை மட்டும் சித்தப்பாவின் பெரிய ஃபிரேமில் மாட்டிவிட்டால் கைக்கு வேலையே இல்லை, காலே பிரேக்.

"இன்னைக்கே கழட்டிட்டு வந்துடேன்" என்றார் சித்தப்பா.

"நூல் கட்டியாச்சு."

"என் வேலை போகுதுடி."

"தெரியுது. நாளைக்கு அந்த வண்டிக்காரங்க வந்து நின்னா? மேனேஜர் மூலையைப் பூட்டிருவாரு. அப்புறம் ஒரு திருகாணிகூட நமக்குக் கிடைக்காது. அடுத்த தாள் கிழிச்சு நாலஞ்சு நாள் கழிச்சுத்தானே திங்கக்கிழமை? போதும்."

பாதி மாதம் போனது. ஒருநாள் காலை சித்தி துடைப்பத்தோடு கீழே வந்து பார்த்தால், நூல் அறுந்து கிடக்கிறது. யாரோ அறுத்திருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை. சித்தி டயரை அமுக்கிப் பார்த்தாள், காற்று இருந்தது. சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள், விரலில் புதுத் துருத்தூள் ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேறு நூல் கட்டினாள்.

வீட்டில் "அறுந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள். சித்தப்பா பல்லியிடம் திரும்பிவிட்டார். முதலிலிருந்து மாதம் பார்ப்பதென்றால் திங்கட்கிழமை போய்விடும், வேலையும் போய்விடும்.

அதே வாரம், இதற்கும் அதற்கும் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாமல், அக்கா மகளுக்குப் படிப்பில் திடீர் அக்கறை வந்தது. அடுக்குமாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கெடுப்புங்க. வீட்ல எத்தனை பேர், எத்தனை சைக்கிள்? பின்னாடி மிதிச்சா நிக்கிற மாதிரி ஏதாவது உண்டா?" ஒரு வீட்டில் நாயை விட்டார்கள். இன்னொரு வீட்டில் அவளையே உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னார்கள். உரிக்கும்போது விஷயம் வந்தது. மூன்றாம் மாடியில் இருந்த பாட்டு டீச்சருடைய வண்டி அது. போன வருஷமே மகன் வீட்டோடு போய்விட்டார், "அதை யாராவது ஓட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அக்கா மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "சித்தி, கணக்கெடுப்புல தற்செயலாத் தெரிஞ்சுது. அந்த வண்டி பாட்டு டீச்சரோடதாம். அவங்களுக்கு வேணாமாம்."

"அப்படியா." சித்தி செயினை மண்ணெண்ணெயில் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "லீவுல கூடவா கணக்கெடுக்கச் சொல்றாங்க?"

"ரொம்பக் கண்டிப்பான ஸ்கூல் சித்தி."

"பாவம், பிள்ளைங்க."

அடுத்த தாள் கிழித்த அன்று சித்தி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சித்தப்பா வாசலில் மறித்தார். "உன் சட்டத்தை நீயே மீறாதே. அறுந்தா முதல்லேருந்துன்னு நீதானே சொல்லுவே?"

"அறுத்தது வண்டிக்காரங்க இல்ல."

"பின்னே?"

"எலி" என்றாள் சித்தி. சொல்லும்போது அக்கா மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அக்கா மகளும் உடனே, அந்தக் கட்டிடத்தில் எலி பூனை சைஸுக்கு இருக்கிறது என்று சாட்சி சொன்னாள்.

சக்கரம் வந்தது, பெரிய ஃபிரேமில் உட்கார்ந்தது. சித்தி தானே முதலில் ஓட்டிப் பார்த்தாள். பின்னால் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. எதிர் வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் போய், ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் நின்றாள். அந்த மாதிரிச் சக்கரத்தில் அச்சிலிருந்து ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஃபிரேமோடு பட்டை போட்டுக் கட்டாவிட்டால் பிரேக் பிடிக்காது. அவசரத்தில் மறந்துவிட்டாள். போர்வைக்குள்ளிருந்தே, "யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்று குரல் வந்தது. பழைய மட்கார்டுத் தகட்டை வெட்டி, வளைத்து, அந்த இரும்புக் கையை ஃபிரேமோடு இறுகக் கட்டினாள். இந்த முறை பின்னால் மிதித்த இடத்தில் கோடு கிழித்து நின்றது.

திங்கட்கிழமை மதியம் சித்தப்பா சட்டை முழுக்க ரொட்டி வாசனையோடு திரும்பினார். நேராக உள்ளே போய், "வேலை கிடைச்சுருச்சுடா" என்று முதலில் பல்லியிடம் சொன்னார். பிறகுதான் சித்தியிடம்.

இதையெல்லாம் அக்கா மகள் சித்தி வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, தோளுக்கு மேலே கிரீஸ் வாசனை வந்தது.

"'யாரோ அறுத்திருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை'." சித்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நல்லா இருக்கு."

"எலின்னு நீங்கதானே சித்தி சொன்னீங்க."

"சொன்னேன். டயருக்குக் காத்தடிச்சு, சீட்டை ஒரு சாண் இறக்கி, ஓட்டிப் பார்த்துட்டு, திரும்ப ஏத்தி வைக்க மறந்த எலி. டீச்சர் பனைமரம் மாதிரி இருப்பாங்க. சீட்டை இறக்கின உயரத்துல உட்கார்ந்து பெடல் எட்டுற எலி இந்தத் தெருவுலயே ஒண்ணுதான்."

அக்கா மகள் பேனாவை மூடினாள், திறந்தாள். "பிரேக் பிடிக்குதான்னு பார்த்தேன். பிடிக்காத வண்டிக்காக சித்தப்பா மாசம் பூரா காத்துக்கிட்டு இருந்தா?"

"பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"அப்ப அதையும் எழுது." சித்தி சுவரைக் காட்டினாள். பின் சக்கரம் இல்லாத சின்ன ஃபிரேம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, சீட்டு இறக்கின இடத்திலேயே. "அதை நான் ஏத்தல. வேற சக்கரம் கிடைக்கட்டும். அதுக்குள்ள வளர்ந்து தொலைக்காதே."