நெல் குத்த ஆளில்லாத என் குடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். மட்டக்களப்புப் படுவான்கரையில் பற்றைக்காடாகக் கிடந்த ஏழு ஏக்கரை என் கையால் வெட்டி வயலாக்கினேன். சூறாவளி கொண்டுபோனது, திரும்பக் கட்டினேன். சண்டையில் எரிந்தது, திரும்பவும் கட்டினேன். எங்கள் வயல் வட்டைக்கு முதல் நெல்லு மில் கொண்டுவந்தவன் நான். மூன்று பெண் பிள்ளைகளுக்கு மூன்று கல்வீடு. நீங்கள் நிழலுக்கு ஒதுங்குகிறீர்களே கோயில் மண்டபம், அதன் தூண் அத்தனையும் நான் நிறுத்தியது.

ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை. கண்ணகை அம்மன் முன்னால் நின்றிருக்கிறேன், அதுவும் நன்றி சொல்லத்தான். கேட்கப் போனதில்லை. போன வருடம் கேட்கப் போனேன். அடியார்களே, அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் நடு மகள் மகேஸ்வரி. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கிழமை, மார்பில் ஏதோ கனமாக இருக்கிறது என்று தாயிடம் சொன்னாள். நானே அவளை எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே குடும்ப வைத்தியம் படித்த ஒரு டொக்டர் பிள்ளை இருந்தார், காத்தான்குடி முஸ்லிம். பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கைக்கு ஒன்றும் தெளிவாகப் படவில்லை.

“உங்கட குடும்பத்தில ஆருக்கும் மார்புப் புற்றுநோய் இரிக்கா?”

“எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல, டொக்டர்” என்றாள் மகள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். “ஓம், அவட குடியில இல்ல” என்றேன் நானும்.

ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் கனபேர், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். வந்துவிட்டோம்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். என் அம்மா அந்த நோயில்தான் போனார். அக்காவும் அதில்தான். தங்கச்சியும் அதில்தான். அக்காவின் மகள் நாற்பது வயதைக் காணவில்லை. நான்கு பேரையும் தூக்கிய தோள் இது.

ஆனால் நான் டொக்டரிடம் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் குடி தாயால் வருவது. அம்மாவும் சகோதரிகளும் என் குடி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. கோயிலில் அவர்கள் நிற்கும் இடம் வேறு, நான் நிற்கும் இடம் வேறு. என் குடிக்குள் வந்த நோய் வேறு குடிப் பிள்ளைக்கு எப்படிப் போகும்? என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

புத்தி அப்படிச் சொன்னது. உடம்பு மரத்துப்போனது. மில் ஓடும், சத்தம் காதில் விழாது. ஒருநாள் மனைவி வந்து கேட்டாள், “இஞ்சேருங்க, கறிக்கு உப்புப் போட மறந்திட்டன். நீங்க ஒண்டும் சொல்லல்லியே?” நான் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

வைகாசியில் அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தார்கள். எல்லாரும் அழுது கும்பிட்டார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. மரம் மாதிரி நின்றேன். “தாயே, என்னமோ ஒன்று என் கண்ணில் படவில்லை. காட்டு” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. வேறு வார்த்தை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, பொங்கலுக்கு நெல் குத்தும் நேரம். எங்கள் கோயிலில் குடிக்கு ஒரு பெண் உலக்கை பிடிக்கவேண்டும். ஒவ்வொரு குடியாகக் கூப்பிட்டார்கள். என் குடியைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். உரல் தனியே கிடந்தது.

மகேஸ்வரி போய் உலக்கையைத் தூக்கினாள். “அப்பாட குடிக்கு நான் குத்துறன்.”

“கீழ வை புள்ள” என்றார் முன்னுக்கு நின்ற மூத்த அம்மா ஒருவர். “நீ வேற குடி. உன்ட குடிக்கு ஆள் வந்திட்டு.”

அங்கே என் அத்தான் நின்றார், செத்துப்போன அக்காவின் புருஷன். அவர் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“நல்ல ஞாயம்கா இது! அவட முழியப் பாருங்க, மூக்கப் பாருங்க, உலக்கை பிடிக்கிற சீரப் பாருங்க. என்ட பெண்சாதிய உரிச்சு வச்சமாதிரிக் கிடக்கு. மூக்கு வரக்குள்ள குடி கேட்டா வந்தது?”

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அக்காவின் சிரிப்பு அது.

அக்காவின் மூக்கு என் வழியாக அவளுக்கு வந்திருக்கிறது. மூக்கு வந்த வழியால் மற்றதும் வரும்தானே? அந்த வெறும் உரலைப் பார்த்தேன். என் குடிக்கு ஊரில் இருந்த நான்கு பெண்களும் நிற்கவேண்டிய இடம். அம்மன் காட்டிவிட்டாள். அத்தானின் வாயைத் தவிர அவளுக்கு வேறு வாய் கிடைக்கவில்லையா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்தநாள் காலை டொக்டரிடம் தனியே போனேன். நான்கு பேரையும் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று கீறிக்கொண்டே வந்தார். நோய் கண்ட வட்டங்களைக் கறுப்பாக்கினார். நான்காவதைக் கறுப்பாக்கிவிட்டுப் பேனையை வைத்தார்.

“ஐயா, இத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?”

“அவங்க வேற குடி, டொக்டர்.”

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். “எங்களுக்கும் குடி இரிக்கி ஐயா. நானும் தாய் வழிதான். மகள் குடியில இல்ல எண்டதும் எனக்கும் அது போதுமெண்டு பட்டுட்டு. அம்மா பக்கம், அப்பா பக்கம் எண்டு நான் பிரிச்சுக் கேட்டிருக்கணும். என்ட பிழையும் இரிக்கி.”

“எனக்கு உடம்பில ஒரு வருத்தமும் இல்லியே?”

“விதைநெல்லுல கலப்பு இரிந்தா கண்ணால தெரியுமா? மறுகா விளைஞ்சாத்தானே தெரியும். உங்களுக்கு ஒண்டும் செய்யாமலே உங்களுக்குள்ளால போயிருக்கலாம்.”

விதைநெல் எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் விளக்கத் தேவைப்படவில்லை.

அந்தக் கிழமையே மட்டக்களப்பில் மகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஆழத்தில், கைக்குப் படாத இடத்தில், ஒரு நெல்மணி அளவில் கட்டி இருந்தது. புற்றுநோய்தான். பரவவில்லை. ஒப்பரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது. என் இரத்தமும் அவள் இரத்தமும் கொழும்புக்குப் போயின. மாதக்கணக்கில் பொறுத்துப் பதில் வந்தது. பரம்பரைக் கூறு ஒன்றில் பழுதாம். அவளுக்கும் எனக்கும் ஒரே பழுது. டொக்டர் தண்ணீர் தந்தார். குடித்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீடு கொடுத்தேன், வயல் கொடுத்தேன், இதையும் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் நினைத்தேன். இப்போதும் அந்த மரப்பு முழுதாக விடவில்லை.

மகள் இருக்கிறாள். முடி திரும்ப முளைத்துவிட்டது. மூத்தவளுக்கு அந்தப் பழுது இல்லை. இளையவளுக்கு இருக்கிறது, நோய் இல்லை. வருடா வருடம் சோதிக்கிறார்கள். அத்தானின் ஆண் பிள்ளைகளையும் அவர்களின் பிள்ளைகளில் வளர்ந்தவர்களையும் நானே வான் வண்டியில் ஏற்றி அந்த டொக்டரிடம் கொண்டுபோனேன். வரமாட்டேன் என்றவர்களை வீட்டு வாசலில் காத்திருந்து கூட்டிப்போனேன். முன்பெல்லாம் நான் ஒருவர் வாசலிலும் காத்திருந்ததில்லை. இப்போது காத்திருக்கிறேன்.

அடியார்களே, அம்மனிடம் கேளுங்கள். அழத் தெரியாவிட்டாலும் போய் நின்று கேளுங்கள். அவள் காட்டுவாள். காட்டியதை டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். தாய் பக்கம் சொல்லுங்கள், தகப்பன் பக்கமும் சொல்லுங்கள். குடி கோயிலுக்கு. இரத்தத்துக்கு அது தெரியாது.

இந்த வருடச் சடங்கில் டொக்டர் மண்டபத்துக்கு வந்து பேசினார். நாங்கள் சம்மதித்தபடியால் சதுரமும் வட்டமும் கீறிய எங்கள் குடும்பப் படத்தைப் பெரிதாக்கித் தொங்கவிட்டார். பேர் போடுவது முறையல்ல என்று ஒரு பேரும் போடவில்லை. பேசியவர்கள் எல்லாரும் அம்மனின் அருள் என்றார்கள், டொக்டரின் கெட்டித்தனம் என்றார்கள். கைதட்டினார்கள். இரண்டும் உண்மை, நானும் தட்டினேன். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆகவே கோயில் சபைக்கு எழுத்தில் கேட்கிறேன். அந்தப் படத்தின் நடுவில், நோயில்லாமல் பழுது மட்டும் உள்ளவன் என்று பாதி கறுப்பாக்கிய ஒரு சதுரம் இருக்கிறது. நோய் மகளுக்குப் போனது அந்தச் சதுரத்தால். அதைப் போய்ச் சொல்லி அவளை மீட்டதும் அந்தச் சதுரம்தான். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்லவேண்டாம். பெண் பிள்ளைகளின் பேர் வேண்டாம், அவர்கள் வாழவேண்டியவர்கள். என் சதுரத்தின் கீழே மட்டும் என் பேரை எழுதுங்கள். சாமித்தம்பி பத்தினியன். முழுப் பேரையும் எழுதுங்கள்.