மாற்றி வைத்த பாஸ்வேர்டு

எனக்கு ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. வீட்டில் சாவியைக் காணோம் என்றால்கூட யார் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன். நான் எங்கே வைத்தேன் என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது. அந்த வாரமும் இந்தப் புத்திதான் என்னை ஆட்டிவைத்தது.

உறுவையாறு கிராமத்தில் என் வீட்டு மாடியறையில் நானும், செலியமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண்ணும் சேர்ந்து வேலை பார்க்கிறோம். வயலில் போர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுவது தொழில். பழைய பெட்டிகள் முப்பத்திரண்டு பிட் சிப்பில் ஓடுபவை, புதியவை அறுபத்து நாலு பிட். ஒரே புரோகிராம்தான் என்றாலும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். எழுதிய துண்டுகளைக் கடைசியில் ஒன்றாகக் கோத்துத் தருவதற்கு லிங்கர் என்று பெயர். பழைய பெட்டிக்கான லிங்கர் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

ஆயுத பூஜை முடிந்த கையோடு, அவள் வீட்டு வயலில் இருந்த பழைய பெட்டி முரண்டு பிடித்தது. கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மோட்டாரைப் போட மாட்டேன் என்றது. சம்பா நாற்றுவிட்டு எட்டு நாள், மழையைக் காணோம். அவள் அப்பா காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு இருந்தார். ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், யார் வண்டியிலாவது ஏறிப் போய் மோட்டார் கொட்டாயில் கரண்டுக்குக் காத்திருந்து, கையால் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்கான திருத்தத்தை அவளே எழுதி முடித்துவிட்டாள். கட்டி ஏற்றுவதுதான் பாக்கி.

அறுபத்து நாலு பிட்டுக்கு ஒழுங்காக வந்தது. முப்பத்திரண்டுக்குப் போட்டால் லிங்கர் பொட்டென்று விழுந்தது. இன்ன காரணம் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சனியன். மெமரி போதவில்லையோ என்று மற்றதையெல்லாம் மூடினேன். லிங்கரையே அழித்துத் திரும்ப ஏற்றினேன். அவள் திருத்தத்தை எடுத்துவிட்டு, பூஜைக்கு முன் நன்றாகக் கட்டிய பழைய புரோகிராமைப் போட்டேன். அதுவும் விழுந்தது. அப்படியென்றால் நடுவில் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள். இந்த அறையில் என்னை விட்டால் இன்னும் ஒரே ஆள்தான்.

பழைய பெட்டியை விட்டுவிடலாம், எல்லோருக்கும் புதுசாக மாற்றிவிடலாம் என்று போன மாதம் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. போதாததற்கு, சில நாட்களாகப் போன் வந்தால் படிக்கட்டில் இறங்கிப் போய்ப் பேசினாள். டவுனில் ஏதோ கம்பெனி கூப்பிடுகிறது, போகிற போக்கில் பழசைக் கெடுத்துவிட்டுப் போகிறாள் என்று நானே ஒரு கதை கட்டினேன். முடிந்த புரோகிராமை எடுக்கத்தான் அவள் எங்கள் சர்வருக்குள் நுழைவாள். திங்கட்கிழமை அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அதில் அவளுடைய பாஸ்வேர்டை மாற்றினேன். அதன்பின் இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, "கொஞ்சம் நவுருங்கண்ணே" என்று உரிமையோடு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அப்பா. கரண்ட் இன்னும் வரவில்லையாம், கட்டுக்குள் கால் வீங்கிக்கொண்டு வருகிறதாம். படிக்கட்டில் நின்று அவள் பேசியதெல்லாம் இதைத்தான்.

கொஞ்ச நேரத்தில், எல்லாப் புரோகிராமிலும் லிங்கர் சேர்க்கிற பொதுத் துண்டுகள் அடங்கிய ஒரு லைப்ரரி ஃபைலைக் காட்டினாள். முப்பத்திரண்டு பிட் ஃபோல்டருக்குள் அறுபத்து நாலு பிட் லைப்ரரி உட்கார்ந்திருந்தது. எப்போது வந்தது என்று பார்த்தால், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை.

வேறு யார், நான்தான். வருடா வருடம் எங்கள் வேலையையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மண்வெட்டி ஸ்பேனரோடு சாமி முன்னால் வைப்பேன். மறுநாள் நல்ல நேரத்தில் அதைத் திரும்ப ஏற்றுவதுதான் முதல் வேலை. இந்த முறை புதிய பெட்டிக்கான ஃபைல்களையும் தவறிப்போய்ப் பழைய ஃபோல்டரிலேயே போட்டிருக்கிறேன். இரண்டு லைப்ரரிக்கும் ஒரே பெயர். பழசின் மேல் புதுசை எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நல்ல நேரம் முடியப்போகிறதே என்ற அவசரத்தில் சரி, சரி என்று தட்டிவிட்டேன்.

அவளிடம் பழைய நல்ல லைப்ரரி பத்திரமாக இருந்தது. அதை வைத்ததும் லிங்கர் முனகாமல் கட்டிக் கொடுத்தது. அதைச் சர்வரில் போட்டுவிட்டு, உடனே எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்று தன் இடத்துக்கு ஓடினாள். இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டு தப்புன்னு வருதுண்ணே."

நான் எழுந்து போய், அவள் பார்க்கப் பார்க்கப் புதுப் பாஸ்வேர்டை அடித்தேன். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கப்பா கட்டுப் போட்ட காலோட கொட்டாயில குந்திகினு இருக்காரு. நான் கெடுப்பனாண்ணே?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலைக்குள் மோட்டார் தானாக ஓடியது, அவள் அப்பாவும் வீட்டுக்குத் திரும்பினார்.

இப்போதும் தினம் வருகிறாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என் கம்ப்யூட்டரில் எதையாவது பார்க்க வேண்டியிருந்தால் மட்டும், பக்கத்தில் வந்து நின்று, "தொடலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறாள்.